உன் பெயருக்குக் கீழே ஒரு வரி

என் மகனுக்கு,

இந்த உறையைப் பிரித்ததும் கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃப்தான் முதலில் உன் கையில் வந்து விழும். அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அதை ஓரமாக வை. முதலில் இந்தக் கடிதத்தைப் படி. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுக் கட்டடச் சாரத்தில் ஏறிப் போய்விடுவாய். போனில் பேசலாம் என்றால் எனக்கு அழுகை வரும், உனக்கு அவசர வேலை வரும். அதனால்தான் கடிதம். சத்துணவு மையத்தில் வருஷக்கணக்காக பிள்ளைகளின் வருகைப் பதிவேடு எழுதிய கை இது. பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுத்தான் பழக்கமே தவிர, இவ்வளவு நீளமாக எழுதிப் பழக்கமில்லை. அங்கங்கே தடுமாறினால் பொறுத்துக்கொள். காலையில் வடித்த சோறு இருக்கிறது, மோர் இருக்கிறது. இன்றைக்கு அடுப்பங்கரைக்கு லீவு விட்டுவிட்டு, வேங்கிக்கால் வீட்டு வாசலைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ப்ரூஃப் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து ஆரம்பிக்கிறேன். நீ ஊரிலிருந்து வந்திருந்தாய். எனக்கு தலைகால் புரியவில்லை. கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு நான்கு மூலையிலும் தடவப் போனேன். "ப்ரூஃபுக்கு யாராச்சும் மஞ்சள் தடவுவாங்களாமா?" என்று நீ சிரித்தாய். அப்புறம் படித்துக்கொண்டே வந்தாய். உன் பெயருக்குக் கீழே 'கோயில் திருப்பணிப் பொறியாளர், ஆற்காடு' என்று இருந்தது. அந்த வரியின்மேல் விரலை வைத்து, "அம்மா, இது யாரு?" என்று கேட்டாய். "நீதான்டா, வேற யாரு" என்றேன். "நான் இல்லமா" என்றாய். அவ்வளவுதான். கத்தவில்லை, கதவை அறையவில்லை. நான் உனக்காக வைத்த கத்தரிக்காய் காரக்குழம்பு அப்படியே இருக்க, மத்தியான பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாய். நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். நீ சாப்பிடாமல் போனதுதான் என்னை அறுத்துவிட்டது.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் நானே என் வாயால் சொல்லிவிடுகிறேன். ஆற்காட்டில் பழைய பள்ளிவாசல்களையும் தர்காக்களையும் பழுதுபார்க்கும் வேலைக்கு நீ சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. சேர்ந்த வாரமே எதிர்வீட்டு அம்மா கேட்டார்: "இன்னா, பையன் எங்க வேலைக்குப் போய்க்கிறான்?" என் வாயில் சட்டென்று வந்தது: "ஆற்காடுல கோயில் திருப்பணி." அந்த அம்மா நல்லவர். பள்ளிவாசல் என்று சொல்லியிருந்தாலும், "நல்லது, நல்லா இருக்கட்டும்" என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொல்லாததை எல்லாம் நான் முன்கூட்டியே காதில் கேட்டுவிட்டேன். அண்ணாமலையார் ஊரில் பிறந்த பையனுக்கு மசூதியில் என்ன வேலை என்று நாலு பேர் கேட்பார்களோ, அப்பா இல்லாத பையனுக்கு இதைச் சாக்காகச் சொல்லிப் பெண் தராமல் போவார்களோ என்று பயந்தேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகவே பயந்து, நானாகவே பொய்யைச் சொன்னேன்.

கோயில் வேலை என்று சொன்னதும் கிடைத்த மரியாதை இருக்கிறதே, அது எனக்குப் பிடித்துப்போனது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "எந்தக் கோயிலு?" என்றார் எதிர்வீட்டு அம்மா. "ஆத்தங்கர சிவன் கோயிலு" என்று ஒரு கோயிலையே கட்டி முடித்தேன். "அடுத்த தரம் தம்பி வந்தா கொஞ்சம் திருநீறு எடுத்துக்கினு வரச் சொல்லுங்க" என்றார். நீ எங்கிருந்து கொண்டு வருவாய்? நான்தான் சந்நிதித் தெருக் கடைக்குப் போனேன். திருநீறு வாங்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து பழைய காலண்டர் தாளில் பொட்டலம் மடித்து, ஆற்காட்டுப் பிரசாதம் என்று கொடுத்தேன். அப்புறம் அடுத்த வீடு கேட்டது, அதற்கடுத்த வீடு கேட்டது. நீ ஊருக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் உனக்கு முன்னாலேயே சந்நிதித் தெருவுக்கு ஓட வேண்டியதாயிற்று. பெரிய கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே அந்தத் திருநீற்றை வாங்குவேன். ஒரு தடவைகூட எனக்குக் கை கூசவில்லை.

கீழ்பென்னாத்தூருக்குப் பெண் பார்க்கப் போன அன்று, செல்வியின் அப்பா உன்னைப் பார்த்து நேராகத்தான் கேட்டார்: "மாப்ள, இன்னா வேல பாக்கறீங்க?" நீ வாயைத் திறந்தாய். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கோயில் திருப்பணிங்க" என்று சொல்லி, கைப்பையில் இருந்து ஒரு பொட்டலத்தையும் எடுத்து நீட்டினேன். அவர் எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். நீ அன்றைக்கே என்னை எல்லார் முன்னாலும் மடக்கியிருக்கலாம். செய்யவில்லை. அதற்கு நான் உனக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று வசதியாக எடுத்துக்கொண்டு, பிரஸ் வரைக்கும் போனேன் பார், அது என் கொழுப்பு.

நீ சாப்பிடாமல் போன மறுவாரம் உன்னிடம் சொல்லாமலே ஆற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். போளூர், ஆரணி வழியாகப் போனால் மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். இந்த மூன்று மணி நேரத்தைக் கடக்க எனக்கு நான்கு வருஷம் ஆகியிருக்கிறது. "வாமா, வந்து பாருமா" என்று நீ எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாய்? முழங்கால் வலி என்பேன். அந்த முழங்காலோடு மாதாமாதம் மலையைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தேன். வந்து பார்த்துவிட்டால், அப்புறம் பொய் சொல்ல நாக்கு எழாது என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது. அதுதான் விஷயம்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி உனக்குப் போன் செய்ததும், "அங்கியே இரு, வரேன்" என்று மட்டும் சொன்னாய். பைக்கில் வந்தாய். எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. உன் அறையில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "வேல பாக்கற எடத்தப் பாக்கறியாமா?" என்றாய். நான் தலையை ஆட்டினேன். செருப்பை உன் அறையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். "வெயில்ல கால் சுடும், போட்டுக்கமா" என்றாய். "சாமி எடத்துக்குச் செருப்பு போட்டுக்கினு எவ போவா?" என்று உன்மேலேயே பாய்ந்தேன். மலை சுற்றுகிற நாளில் வீட்டு வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டுக் கிளம்பும் பழக்கம் எனக்கு. எந்த ஊருக்குப் போனாலும் கால் திருவண்ணாமலைக் கால்தானே.

முதலில் பாலாற்றங்கரையில் டெல்லி கேட்டுக்குக் கூட்டிப் போனாய். கோட்டையெல்லாம் போய், வாசல் மட்டும் நிற்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் ஆறு முழுக்க மணல். இந்த ஊரில் நவாபுகள் ஆண்டார்கள், நாம் வாய்க்கு வாய் சொல்கிற ஜாஸ்தி, கம்மி எல்லாம் அவர்கள் விட்டுப்போனதுதான் என்று நீ சொன்னபோது, டீச்சர் முன்னால் உட்கார்ந்த பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டேன். அப்புறம் தர்கா. நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஒரு பெண் கைக்குழந்தையோடு வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். உள்ளே இருந்தவர் மயிலிறகால் குழந்தையின் தலையைத் தொட்டு, சர்க்கரை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நான் அதை வாயில் போடாமல் கைக்குள்ளேயே மூடி வைத்திருந்தேன். நீ பார்த்தாய். வாசலுக்கு வருவதற்குள் சர்க்கரை உள்ளங்கையில் பிசுபிசுத்தது. குழந்தைக்கு ஆகிறது, எனக்கு ஆகாதா என்று நாக்கில் வைத்தேன். சர்க்கரை சர்க்கரையாகத்தான் இருந்தது.

கடைசியாக நீ வேலை பார்க்கும் பள்ளிவாசல். தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. முற்றம் வரைக்கும் நான் வரலாம் என்று நீ போன் போட்டுக் கேட்டு வைத்திருந்தாய். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன். மூன்று வளைவு, இரண்டு மெலிந்த தூபி, கை கால் கழுவும் தொட்டியில் பச்சைத் தண்ணீர், கருங்கல் தளம். ஒரு ஓரத்தில் பெரிய தொட்டியில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. "கடுக்காத் தண்ணியும் வெல்லமும் சேப்போம்மா. கோபுரத்துக்கும் இதே சாந்துதான்" என்றாய். வெல்லம் என்றதும், "எறும்பு வராதாடா?" என்று கேட்டேன். அன்றைக்கு முதல் தடவையாக நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலு முட்டாள்தனமான கேள்வி கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள் மேலேயிருந்து யாரோ கூப்பிட, நீ சாரத்தில் ஏறிப் போய்விட்டாய்.

நான் தனியாக நின்றேன். கும்பிடலாமா கூடாதா, உட்காரலாமா கூடாதா, ஒன்றும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் மனுஷனுக்குத் தெரிந்த வேலைதானே வரும். கட்டடத்தை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, என் பாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்துவிட்டேன். தளம் தோசைக்கல்லாய்ச் சுட்டது. விரல் நுனியில் நடந்து இரண்டாவது சுற்று வரும்போது, வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர் எதிரே வந்து நின்றார். பாங்கு சொல்கிற மோதினார் அவர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"இன்னாம்மா தேடறீங்க? எதனா வுழுந்துடுச்சா?" என்றார்.

"ஒண்ணும் தேடலீங்க. சுத்தறேன்."

"சுத்தறீங்களா? எத்தினி சுத்து?"

"மூணுங்க."

அவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "இங்க அந்த வழக்கம் இல்லீங்கம்மா" என்றார் மெதுவாக. எனக்கு உடம்பே கூசிப்போனது. உன் வேலைக்கு என்னால் ஏதாவது கெடுதல் வந்துவிடுமோ என்று பயந்தேன். "தப்புங்களா?" என்று கேட்டேன். அவர் தொட்டியில் இருந்து ஒரு வாளித் தண்ணீரை மொண்டு வந்து, என் காலைச் சுற்றிக் கல்லில் ஊற்றினார். ஒரு கோணிச் சாக்கையும் நனைத்துப் போட்டு, "இதும் மேல நில்லுங்க, வெயிலு ஜாஸ்தி" என்றார். அப்புறம் கேட்டார்: "நீங்க திருவண்ணாமலைங்களா?"

"ஆமாங்க. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"எங்க இன்ஜினியர் தம்பியும் மொத நாளு இப்படித்தாம்மா. செருப்ப வாசல்ல வுட்டுட்டு, சோத்துக்கைப் பக்கமாவே சுத்திக்கினு வந்தாரு. இன்னா தேடறீங்கன்னு அவரையும் இதே மாதிரிதான் கேட்டேன். எங்கம்மா மலைய இப்படிச் சுத்திதான் காட்டினாங்க, முழுசா சுத்தி வராம பாத்துட்டேன்னு சொல்லக் கூடாதும்பாங்கன்னாரு. அன்னீலேர்ந்து ஒரு வருஷமா தெனம் காலைல ஒரு சுத்து, அப்பறம்தான் வேல. பின்னாடி செவுத்துல ஒரு வெடிப்பு இருந்திச்சிம்மா. நாங்க தெனம் தொழுவற எடம், எங்க கண்ணுல படல. சுத்தி சுத்தி வந்ததுல அவரு கண்ணுல பட்டுச்சு. மழைக்கு முன்னாடி கட்டிக் குடுத்துட்டாரு. அதுக்கு இந்தாண்டதான் புள்ளைங்க ஒக்காந்து ஓதறது."

அவர் அங்கே ஓர் அறையைக் காட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சின்னச் சின்னப் பலகைகள், சுவரோரம் ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குடம். நான் அந்தச் சாக்கின்மேல் நின்றபடியே அழுதேன். "எங்க புள்ளைங்களுக்கு நெழல் குடுத்திருக்கீங்கம்மா" என்றார் அவர். என்னிடம் போய் இதைச் சொல்கிறாரே என்று இன்னும் அழுகை வந்தது. நான்தான் அந்த அம்மா என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது.

கண்ணு, முழுசாகச் சுற்றாமல் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது என்ற அந்த வாக்கியத்தை நான் உனக்குப் பாடமாகச் சொல்லவில்லை. அது உனக்கு நினைவில்லையா, அல்லது நினைவிருந்தும் எனக்கு அந்தப் பெருமையைக் கொடுத்தாயா என்று தெரியவில்லை. உனக்கு ஒன்பது வயசு. அப்பா இறந்துபோன வருஷம். கூட்டமில்லாத நாளாகப் பார்த்து விடியற்காலையில் மலையைச் சுற்றக் கூட்டிப் போனேன். நீ நூறடிக்கு ஒரு தரம் நின்று மலையைப் பார்ப்பாய். கணக்கு நோட்டை எடுத்து வந்து வரைவாய். எனக்கோ பள்ளிக்கூடத்தில் உலை வைக்க நேரமாகிவிடும். "ஒரே மலைய எதுக்குடா இத்தினி தரம் வரையற?" என்றேன். "ஒரே மலை இல்லமா, எடத்துக்கு எடம் வேற வேறயாக் கீது" என்றாய். பாதி வழியில் கால் வலிக்கிறது, பஸ்ஸில் போகலாம் என்றாய். அந்தக் கோபத்தில்தான், "முழுசா சுத்தாம மலையப் பாத்துட்டேன்னு எங்கியாச்சும் சொன்ன, பல்லப் பேத்துடுவேன்" என்று கத்தினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கணக்கு நோட்டு முழுக்க மலை. அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டேன். நீ அழவில்லை, அன்றைக்கும் சாப்பிடவில்லை. நான் திட்டியதில் இருந்து ஒரு நல்ல சொல்லை மட்டும் பொறுக்கி எடுத்து, பல்லைப் பேர்ப்பதை விட்டுவிட்டு, இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறாய். அதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

உன் அறைக்குத் திரும்பியபோதுதான் சுவரைச் சரியாகப் பார்த்தேன். காலையில் பார்த்தும் பார்க்காமல் போயிருந்தேன். அந்தப் பள்ளிவாசலை ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வரைந்து ஒட்டியிருந்தாய். ஒவ்வொன்றும் வேறு வேறாக இருந்தது. நான்கு வருஷமாக உன் வேலையை நான் ஒரே பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, அதுவும் மற்றவர்கள் கண்ணால் பார்த்துவிட்டு, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீ சோறு போட்டு, ரசத்தை ஊற்றி, என் முன்னால் தட்டை வைத்தாய். "பத்திரிகைய திருத்திடறேன்டா" என்றேன். "பத்திரிகைய மட்டும் திருத்தாதமா" என்றாய். சொல்லிவிட்டு நீயும் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாய். நீ சொன்னது எனக்குப் புரிந்தது. கீழ்பென்னாத்தூர் வீட்டு வாசலில் போய் நின்று சொல்ல வேண்டும். கல்யாணமே நின்றுபோனாலும் போகலாம். அது தெரிந்துதான் நீ சொன்னாய்.

போன புதன்கிழமை தனியாகப் போனேன். செல்வியின் அப்பா களத்தில் வேர்க்கடலையைக் கிளறிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தைரியம் வராது என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிவாசல், சந்நிதித் தெரு, காலண்டர் தாள், நான் சுற்றியது, மோதினார் தண்ணீர் ஊற்றியது, ஒன்றையும் விடவில்லை. அவர் எழுந்து உள்ளே போய், அந்தப் பொட்டலத்தை எடுத்து வந்தார். பாதி தீர்ந்திருந்தது.

"கண்ணு ஆப்ரேஷனுக்கு இத இட்டுக்கினுதான் போனேன் சம்பந்தி" என்றார். "கண்ணு இப்ப நல்லாத்தான் தெரியுது. ஒங்களத்தான் சரியாப் பாக்கல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வார்த்தை எனக்குத் தேவைதான்.

"மசூதி கட்டறது ஒரு வேல. அதுல இன்னா கொறச்சல்? நீங்க என்னைய எப்படி நெனச்சீங்கன்றதுதான் எனக்கு வருத்தம். இதக் கேட்டா பொண்ணு தர மாட்டான்னு முடிவு கட்டிட்டீங்க இல்ல?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "இருங்க, பொண்ணு வரட்டும். அவதான் சொல்லணும்" என்றார்.

செல்வி பாடம் நடத்திவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை காத்திருந்தோம். அவர் கடலையைக் கிளறினார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்ததும் அப்பா விஷயத்தைச் சொன்னார். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல், "எனக்குத் தெரியும்பா. மொத போன்லயே சொல்லிட்டாரு" என்றாள். "அம்மாவா வந்து சொல்வாங்க, அது வரைக்கும் பொறுத்துக்கோன்னாரு. அத்தை, இப்பனாச்சும் வந்தீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப தெரியாதவன் நான் ஒருத்தன்தானா?" என்றார். குரலில் கோபம் இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவரே, "பத்திரிகைல இன்னா வேலயோ அதையே போடுங்க. எவனாச்சும் கேட்டான்னா நான் சொல்லிக்கறேன். எனக்கு ஒரு நாளு அந்த எடத்தக் காட்டச் சொல்லுங்க மாப்ளைய" என்றார். அந்தப் பொட்டலத்தை என்ன செய்வாரோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அண்ணாமலையார் ஊருதுதானே. இருந்துட்டுப் போவுது."

கிளம்பும்போது ஒரு பை நிறைய வேர்க்கடலை கொடுத்தார். "மல்லாட்டை புதுசு. பாதி ஒங்களுக்கு, பாதி அந்தத் தண்ணி ஊத்தின பெரியவருக்கு" என்றார். பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, இப்படிப்பட்ட மனுஷனை அல்லவா குறைத்து எடைபோட்டேன் என்று வெட்கமாகவும், இவர் வீட்டிலேயே சம்பந்தம் கிடைத்ததே என்று நிறைவாகவும் இருந்தது. வந்ததும் எதிர்வீட்டு அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவருக்கு நீ எங்கே வேலை பார்க்கிறாய் என்பதில் ஒரு கவலையும் இல்லை. "அப்ப அந்தத் திருநீறு?" என்று மட்டும் கேட்டார். சந்நிதித் தெரு என்றதும், "அட, இங்கியே வாங்கினதுக்கா நான் அத்தினி தரம் ஒங்களக் கெஞ்சினேன்?" என்று ஒரு வாரமாக என்னை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இனி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. என் மானத்தைக் காப்பாற்ற, செல்வியை அவள் அப்பாவிடம் மறைக்க வைத்தாயே, அது தப்பு. அம்மாவுக்காகச் செய்ததுதான். இருந்தாலும் தப்பு. நாளைக்கு நீயும் அவளும் ஒரே வீட்டில் இருக்கும்போது, எனக்காக அவளையோ, அவளுக்காக என்னையோ பொய் சொல்ல வைக்காதே. கோபம் வந்தால் கத்து. இரண்டு நாள் பேசாமல்கூட இரு. ஆனால் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து போகாதே, வைத்தவளுக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது. அவளைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று என்றைக்காவது தோன்றினால், இன்னொரு பக்கம் போய் நின்று பார். அது உனக்குத் தெரியாததல்ல. எனக்குத்தான் இந்த வயதில் தெரிந்தது, அதுவும் உன் வேலையைப் பார்த்துத் தெரிந்தது.

எனக்கு இப்போது நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். காலுக்குத் தண்ணீர் ஊற்றியவர், பொட்டலத்தைத் தூக்கி எறியாதவர், பொறுத்திருந்த அந்தப் பெண். எல்லாருக்கும் மேலே நீ. பெண் பார்த்த அன்றே என்னைத் தலைகுனிய வைத்திருக்கலாம். எனக்கு வழி விட்டாய். நானாகவே நடந்து வந்து சேர்வேன் என்று நம்பினாய். என்மேல் எனக்கே அந்த நம்பிக்கை இருந்திருக்காது.

இப்போது ப்ரூஃபை எடு. பிரஸ்காரரிடம் அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டேன். "அதுக்கு பதிலா இன்னாம்மா போடறது?" என்றார். நானே சொல்லியிருக்கலாம், இப்போது எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. ஆனால் உன் வேலையை இதுவரைக்கும் நான்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் நீ சொல். "என் பையன் எழுதி அனுப்புவான்" என்று சொல்லி வந்திருக்கிறேன். உன் பெயருக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது. மேலே வழக்கம்போல அப்பா பெயர் இருக்கிறது, பக்கத்தில் என் பெயர் இருக்கிறது, இவர்களுடைய மகன் என்று போட்டிருக்கிறது. கீழே நீ என்ன எழுதினாலும் அதற்கு மஞ்சள் தடவ நான் தயார்.

சாப்பிட்டுவிட்டு எழுது. மேலே எதையும் அடித்துவிடாதே.

அம்மா